வாசகர் கேள்வி: சபையில் வாய் திறந்து ஜெபிக்க

கேள்வி: வீட்டு ஜெபக்கூட்டத்தில் "சிஸ்டர், நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றாலே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பயம் போன பிறகு ஆரம்பிக்கலாமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: அப்படிக் காத்திருந்தால் ஆரம்பிக்கவே மாட்டீர்கள். பைபிளில் மத்தேயு 14-ஆம் அதிகாரத்தில், இயேசுவின் சீடர் பேதுரு படகிலிருந்து இறங்கித் தண்ணீரில் கால் வைத்தபோதும் காற்று அடித்துக்கொண்டுதான் இருந்தது. படகில் திரும்ப ஏறிய பிறகே அது அமர்ந்தது. மூழ்கும்போது அவர் செய்த ஜெபம் மூன்றே சொல்: "ஆண்டவரே, என்னை இரட்சியும்."

முதலில் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பைபிளின் 23ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள், ஆறே வசனம். பிறகு அதையே ஜெபமாக்குங்கள்: "கர்த்தாவே, நீர் என் மேய்ப்பர்." சொந்தக் குரல் காதுக்குப் பழக ஒரு வாரமாவது வேண்டும்.

கூட்டம் நடத்துபவரிடம் முன்கூட்டியே சொல்லி, முதல் ஜெபத்தைக் கேட்டு வாங்குங்கள். முறை வரட்டும் என்று உட்கார்ந்திருந்தால்தான் படபடப்பு ஏறும். நான்கு வாக்கியம் போதும்: அழைப்பு, ஒரு நன்றி, ஒரே விண்ணப்பம், "இயேசுவின் நாமத்தில், ஆமென்." சீட்டில் எழுதி வைத்துப் பார்த்துச் சொன்னாலும் தவறில்லை.

பலர் தடுமாறுவது, போதகர் பாணியில் நீட்டப் போய்த்தான். பாதியில் மூச்சு வாங்கும், விண்ணப்பம் மறந்துபோகும். அப்படி நின்றுவிட்டால் சமாளிக்க வேண்டாம், நேரே ஆமென் சொல்லிவிடுங்கள்.