நேரம் குறைந்தால் செஸ் ஆட்டக்காரருக்கும் கம்ப்யூட்டருக்கும் பாதிப்பு ஒரே அளவா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் வீட்டிலும் செஸ் ஆடும் பிள்ளை இருக்கும் போல. ஒரே அளவு இல்லை. மனிதருக்குத்தான் அடி அதிகம்.

1998-ல் இத்தாலியின் இஸ்கியாவில் ஆனந்த், ரெபெல் 10 என்ற புரோகிராமோடு எட்டு ஆட்டம் ஆடினார். ஆளுக்கு மொத்தமே 5 நிமிடம் தரும் பிளிட்ஸ் ஆட்டம் நான்கில் புரோகிராம் 3-1 என்று ஜெயித்தது. 15 நிமிட ஆட்டங்களிலும் அதன் கைதான் ஓங்கியது. முழு நேர ஆட்டம் இரண்டில் மட்டும் ஆனந்துக்கு ஒன்றரைப் புள்ளி, அதற்கு அரை. ஆடியவர் அதே ஆனந்த்தான். நேரம் பாதியானால் புரோகிராம் தேடும் ஆழம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ராணி வெட்டுப்படுவதை ஒரு நொடியிலும் பார்த்துவிடும். நமக்கோ, காயைத் தொடும்முன் இன்னொரு தடவை சரிபார்க்கும் அவகாசம்தான் முதலில் போகிறது.

என் மகள் நிதானமாக யோசித்து ஆடுகிறவள். தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி. நோட்டீசில் 25 நிமிடம் என்று போட்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர் வந்து, சால்வை போர்த்தி, பேசி முடிக்கவே மதியம் நெருங்கிவிட்டது. உடனே மைக்கில், "15 நிமிஷம்தான், இன்கிரிமென்ட் கிடையாது" என்று அறிவித்துவிட்டார்கள். இன்கிரிமென்ட் என்றால் ஒவ்வொரு நகர்வுக்கும் கூடுதலாகச் சேரும் சில நொடிகள். ஒரு ரவுண்டில் அவளிடம் யானையும் இரண்டு சிப்பாயும், எதிரே யானை மட்டும். அந்தப் பையன் செக் மேல் செக் வைத்துக்கொண்டே இருந்தான். சிப்பாயை ஏழாவது வரிசைக்குத் தள்ளிவிட்டு மேசையில் இருந்த செஸ் கடிகாரத்தை அவள் அமுக்குவதற்குள் அவள் நேரம் பூஜ்யமாகிவிட்டது, ஆட்டமும் போய்விட்டது. பக்கத்தில் நின்ற ஒரு கோச், "பொண்ணு கொஞ்சம் ஸ்லோ சார்" என்றார். அது இன்னும் ஆறவில்லை எனக்கு.

பிளிட்ஸே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வேகமும் திறமைதான். ஆனந்த் 2017-ல், 48 வயதில், உலக ரேபிட் (வேக ஆட்ட) பட்டம் வென்றாரே! ஆனால் அங்கேகூட 15 நிமிடத்தோடு ஒவ்வொரு நகர்வுக்கும் 10 நொடி சேரும். இங்கே மேசைக்கு மேசை டிஜிட்டல் கடிகாரம் இருந்தும் அதைச் செட் செய்ய யாருக்கும் மனசு வரவில்லை. பதிவுக் கட்டணம் மட்டும் குறையவில்லை.

பணம் கட்டும்முன் இன்கிரிமென்ட் உண்டா என்று போனில் கேட்டுவிடுங்கள். இல்லை என்றால் ஓசூருக்கோ சேலத்துக்கோ பஸ் ஏறினாலும் பரவாயில்லை.