ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸில் (முடக்கு வாதத்தில்) கை வலி நீடிக்கிறது. ஆக்குபேஷனல் தெரபி உதவுமா?

உதவும். அன்றாட வேலைகளைச் சிரமமில்லாமல் செய்யப் பழக்கும் சிகிச்சை இது. மருந்து தொடரட்டும், அது தனி. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் முதலில் கேட்பது, எந்த வேலையில் வலிக்கிறது என்பதுதான். துணி பிழியும்போதா, குக்கரைத் தூக்கும்போதா, பொத்தான் போடும்போதா? அப்புறம் அந்த வேலையைச் செய்யும் விதத்தை மாற்றித் தருவார். பாத்திரத்தை விரல்களால் பிடிக்காமல் இரு உள்ளங்கைகளிலும் தாங்கித் தூக்கலாம், கரண்டிக் கைப்பிடியைத் தடிமனாக்கலாம், தேவைப்பட்டால் மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்க ஸ்ப்ளின்ட் என்ற பட்டை போடலாம்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது வேலையைப் பிரித்துச் செய்யும் பழக்கம். வலி குறைந்த நாளில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுச் செய்துவிட்டு, மறுநாள் எழுந்திருக்க முடியாமல் கிடப்பது பல வீடுகளில் நடக்கிறது. வலி ஏறும் வரை காத்திருக்காமல், நேரம் வைத்து முன்கூட்டியே ஓய்வெடுக்கப் பழக்குவார்கள்.

வலி முழுசாகப் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பிசியோதெரபி போதும் என்று இதை விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் கேட்டுப் பரிந்துரை வாங்குங்கள்.