சிறுவயதில் நேரில் கண்ட பெருந்துயரம் உண்மையிலேயே நினைவில் நிற்குமா?

நிற்கும். எட்டு வயதில் என்ன தெரிந்திருக்கும், நாளிதழில் படித்ததையும் பெரியவர்கள் பேசக் கேட்டதையும் சேர்த்துக் கண்ணால் கண்டதாக நினைத்துக்கொள்கிறாய் என்று உங்கள் வீட்டிலும் யாரோ சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் குடும்பத்தில் சித்தப்பா மகன் ஒவ்வொரு தீபாவளிக்கும் அதைச் சொல்லத் தவறுவதில்லை.

நான் கண்டது, 1988 ஜூலை 31 அன்று மலேசியாவின் பட்டர்வொர்த்தில், பினாங்குத் தீவுக்குப் பயணிகள் படகு ஏறும் சுல்தான் அப்துல் ஹாலிம் பெர்ரித் துறை இடிந்து விழுந்ததை. 32 பேர் இறந்தார்கள், 1,600க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள் என்ற கணக்கெல்லாம் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டதுதான். தளம் உடைந்த அந்த நொடியைப் பார்த்ததாகவும் நான் ஒருபோதும் சொன்னதில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பட்டர்வொர்த் பக்கத்து ஊரான புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் தேவாலயத் திருவிழா. நாங்கள் இந்துக்கள்தான், ஆனால் நேர்த்திக்கடன் என்றால் மெழுகுவத்தியோடு அங்கே போய் நிற்பது பினாங்குத் தமிழர் வீடுகளில் புதிதல்ல. அம்மாவும் பெரியம்மாவும் என்னை அழைத்துக்கொண்டு போய்விட்டு, ஊற்று நீரை ஒரு பிளாஸ்டிக் போத்தலில் பிடித்துக்கொண்டு, மாலையில் தீவுக்குத் திரும்பப் பட்டர்வொர்த் வந்து இறங்கினோம். அதே நாளில் தீவிலுள்ள ஜோர்ஜ்டவுனில் சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் ஊர்வலம் என்பதால் தீவுக்குப் போகும் சீனர் கூட்டமும் அங்கே திரண்டிருந்தது. பயணிகள் காத்திருக்கும் மேல்தளம் நிரம்பி வழிவதைக் கீழிருந்தே பார்த்த அம்மா, கொஞ்சம் கூட்டம் குறையட்டும் என்று சொல்லிப் பேருந்து நிலையத்துப் பக்கமாகவே எங்களை நிறுத்திவிட்டார்.

லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போன்ற ஓசை கேட்டது, ஆனால் அது நிற்காமல் நீண்டது. பிறகு ஆட்கள் எங்களை நோக்கி ஓடிவந்தார்கள். அவர்களில் ஒரு சீனப் பாட்டி, தலைமுடி, புருவம், உதடு எல்லாம் வெள்ளைத் தூசியாக, ஒரு காலில் மட்டும் செருப்போடு எங்கள் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா அந்தப் போத்தலைத் திறந்து, வீட்டில் யாருக்கோ என்று பத்திரமாகக் கொண்டுவந்த நீரைச் சேலைத் தலைப்பில் நனைத்து, அவருடைய கண்களைத் துடைத்துவிட்டார். மொழி தெரியாத அந்தப் பாட்டி பெரியம்மாவின் மணிக்கட்டை விடவே இல்லை. இது எந்த நாளிதழிலும் வந்ததில்லை. அன்றிரவு முன்பின் தெரியாதவர்களோடு ஒரு வாடகைக் காரில் நெருக்கிக்கொண்டு பாலத்தின் வழியாக வீடு சேர்ந்தோம். பினாங்குப் பாலம் திறந்து அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அப்பா வானொலியை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்தார்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. பேச்சு வந்தாலே, ஜனங்கள் முண்டியடித்தார்கள், அதனால் விழுந்தது என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். இந்தக் காலத்தில் எதைச் சொன்னாலும் அரசியல் என்பார்கள், இது அரசியல் அல்ல. கூட்டம் அளவுக்கு மீறி இருந்தது உண்மைதான். ஆனால் கூட்டத்தைத் தாங்குவதற்காகவே கட்டப்பட்ட தளம் அது, திருவிழாத் தேதியும் ஊர்வலத் தேதியும் யாருக்கும் தெரியாத இரகசியமல்ல. வரிசையில் நின்றவர்களா அதற்குப் பொறுப்பு? அரச விசாரணை ஆணையம் வைத்து ஆராயும் அளவுக்குப் பெரிதாக இருந்த ஒன்றை, செத்தவர்களின் அவசரம் என்று ஒரே வரியில் தள்ளிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெரியம்மா இன்னும் இருக்கிறார், போத்தல் கதையை நான் எடுத்துக் கொடுக்காமலே அவரே சொல்வார். அவரிடமே கேளுங்கள் அண்ணே என்றால் மட்டும் சித்தப்பா மகன் முறுக்குத் தட்டைத் தேடிக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்.