நோயில்லாத வீட்டிலும் ஏன் விசாரிக்கிறார்கள்?

கேள்வி: எங்கள் தெருவில் பன்னிரண்டு பேருக்கு வயிற்றுப்போக்கு. சுகாதாரப் பணியாளர்கள் வந்து நோயாளிகளிடம் விசாரித்தது சரி. ஒருவருக்கும் ஒன்றுமில்லாத எங்கள் வீட்டிலும் என்ன தண்ணீர் குடித்தீர்கள், எங்கே சாப்பிட்டீர்கள் என்று நெடுநேரம் கேட்டார்கள். இது எதற்கு?
– வாசகி, சேலம்

பதில்: உங்கள் வீட்டு பதில் இல்லாமல் அந்த விசாரணை பாதிக்கிணறுதான். பன்னிரண்டு பேருமே குழாய்த் தண்ணீர் குடித்தவர்கள் என்றால் பழி குழாய் மேல் விழும். நன்றாக இருப்பவர்களும் அதையே குடித்திருந்தால்? குழாய்த் தண்ணீரை அப்படியே குடித்த 100 பேரில் 10 பேருக்கும், கொதிக்க வைத்துக் குடித்த 100 பேரில் 2 பேருக்கும் நோய் என்றால் ஐந்து மடங்கு வித்தியாசம். குழாயைத் தோண்டிப் பார்க்கலாம். இரு பக்கமும் நூற்றுக்கு ஆறு ஆறு பேர் என்றால் விருந்துச் சாப்பாடு போன்ற வேறு காரணத்தைப் பற்றி விசாரிக்க வேண்டும். நோய் எப்படிப் பரவுகிறது என்று ஆராயும் நோய்ப்பரவியலின் அடிப்படையே இந்த ஒப்பீடுதான்.

1854இல் லண்டனில் காலரா பரவியபோது, ப்ராட் தெரு அடிபம்பின் மேல் மருத்துவர் ஜான் ஸ்னோவின் சந்தேகம் உறுதிப்பட்டதற்கு நோய் வராதவர்களும் காரணம். அருகிலிருந்த பீர் ஆலைத் தொழிலாளர்கள் அந்தப் பம்புத் தண்ணீரைக் குடிக்கவில்லை, தப்பினார்கள். ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் காலராக் கிருமியை அடையாளம் காட்டியது 1884இல். அதற்கு முப்பது ஆண்டு முன்பே பம்பின் கைப்பிடியைக் கழற்ற முடிந்தது.

நோய் தொடங்கிய நாளும் நேரமும் முக்கியம். காலரா சில மணி நேரத்திலிருந்து 5 நாளுக்குள் தெரியும். மஞ்சள் காமாலை ஏ வகைக்கு 15 முதல் 50 நாள் ஆகும். அதனால் போன மாதத்தைப் பற்றிக் கேட்பார்கள். தேதி நினைவில்லையா? கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு முன்னா பின்னா என்று சொன்னாலும் போதும். ஊகித்துச் சொல்லாதீர்கள்.

நோய்கண்ட வீடுகளை வரைபடத்தில் புள்ளியிட்டால் பெரும்பாலும் ஒரே குழாய்வரிசை தெரியும். தண்ணீர் விடாத நாட்களில் குழாயில் அழுத்தம் இருக்காது. சாக்கடைக்குள் கிடக்கும் விரிசல் விட்ட இணைப்பு அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். வீட்டு மோட்டாரைக் குழாயில் நேரே பொருத்தி உறிஞ்சினாலும் இதே கேடு. ஆகவே தண்ணீர் விட்டதும் முதலில் வருவதைப் பிடிக்காதீர்கள். குளோரினைத் தொட்டியில் சோதித்தால் போதாது. கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். தொட்டியில் குளோரின் இருந்தும் கடைசி வீட்டில் இல்லையென்றால், கோளாறு இடைப்பட்ட குழாயில் இருக்கலாம்.

மலப் பரிசோதனைக்கு, ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மாதிரி கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை அதில் அச்சிட்ட அளவுத் தண்ணீரில், பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டரில், முழுதாகக் கரையுங்கள். தண்ணீர் குறைந்தால் உப்பு மிகுந்து கெடுதல். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் சிற்றூரில் நாலே பேருக்குக் காய்ச்சல். இதையும் தெரிவிக்க வேண்டுமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: கட்டாயம். சேலம் நகரத்தில் நாலு காய்ச்சல் கண்ணில் படாது. அறுபது பேர் வாழும் மலைக்கிராமத்தில் அது பதினைந்தில் ஒருவர். கிராம சுகாதார செவிலியரிடம் பெயர், வயது, காய்ச்சல் தொடங்கிய நாள், எஸ்டேட்டில் எந்தப் பகுதியில் வேலை என்பதைச் சொல்லுங்கள். உடம்பில் கருத்த பொருக்குப் புண் இருந்தால் அதை முதலில் காட்டுங்கள். சிறு உண்ணிப்பூச்சி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலாக இருக்கலாம், டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு நன்றாகக் கட்டுப்படும்.