ஒரு செல் உயிரியல் ஆய்வாளரின் கட்டுரைகளையும் அறிவியல் தாக்கத்தையும் எப்படி மதிப்பிடுவது? எச்-இன்டெக்ஸைப் பார்த்து பிஎச்.டி. வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கலாமா?

கோத்தகிரியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். எம்.எஸ்சி. முடித்து ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கியிருக்கிறீர்கள். பெங்களூரில் செல் உயிரியல் ஆய்வாளர் ஒருவர் நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார். அவருக்கு நூற்றுக்கு மேல் கட்டுரைகள், எச்-இன்டெக்ஸ் 42. இந்த எண்களை நம்பி ஐந்தாறு ஆண்டுகளை ஒப்படைக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

ஊட்டியில் கல்லூரி மாணவர்களுக்குச் செல் உயிரியல் கற்பிக்கிறேன். மலையிலிருந்து ஆய்வுக்குப் போகும் பிள்ளைகள் இதே கேள்வியோடு வருவார்கள். அவர்களிடம் சொல்வதையே உங்களிடமும் சொல்கிறேன்: அந்த 42-ஐ ஓரமாக வைத்துவிட்டு, அவர் எழுதிய பழைய கட்டுரை ஒன்றை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படியுங்கள். அந்தக் கட்டுரை எந்தக் கேள்வியைத் திறந்தது, அதற்குப் பிறகு அந்த வழியில் யார் யார் நடந்தார்கள் என்று தேடுங்கள். தாக்கம் என்பது அங்கேதான் தெரியும்.

எண்ணை ஏன் ஓரமாக வைக்கச் சொல்கிறேன்? எச்-இன்டெக்ஸ் 42 என்றால், குறைந்தது 42 முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் அவருக்கு 42 இருக்கின்றன என்று பொருள். 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த கணக்கு இது. மூத்தவர்களுக்கு அது தானாகவே ஏறும். பெரிய குழுவில் பத்தோடு பதினொன்றாகப் பெயர் இருந்தாலும் ஏறும். தேயிலைக் கொள்முதல் நிலையத்துத் தராசு மூட்டையின் எடையைச் சொல்லும். உள்ளே இருப்பது இரண்டு இலையும் ஒரு மொட்டுமா, முற்றிய இலையா என்பது கையை விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

மேற்கோள் எண்ணிக்கையிலும் இப்படித்தான். உலகிலேயே மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை, 1951-இல் லவ்ரி குழுவினர் எழுதியது. மேற்கோள்கள் 3 லட்சத்துக்கும் மேல். ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறையைச் சொல்கிறது, அவ்வளவுதான். மிகவும் பயனுள்ள கட்டுரை, நானே அந்த முறையைக் கற்பிக்கிறேன். ஆனால் செல்லைப் பற்றிய நம் புரிதலை அது மாற்றியதா என்று கேட்டால், இல்லை. மேற்கோளின் அளவு பயன்பாட்டைக் காட்டுகிறது. அறிவு எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை வேறு வழியில்தான் பார்க்க வேண்டும்.

அந்த வேறு வழிக்கு நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் உதாரணம் ஜப்பானின் யோஷினோரி ஓசுமி. 1945-இல் பிறந்தவர். நியூயார்க்கில் ராக்பெல்லர் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஈஸ்ட் பக்கம் திரும்பியவர். 1988-இல் டோக்கியோவில் சொந்தமாக ஓர் ஆய்வகம் அமைந்தபோது அவருக்கு வயது 43. ஈஸ்ட் செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பெரிய பையை அவர் தன் பொருளாக வைத்துக்கொண்டார். செல்லின் குப்பைத்தொட்டி என்று பலர் ஒதுக்கிய இடம் அது. தனக்குப் போட்டி போடும் குணம் இல்லை, அதனால் புதுப் பொருளைத் தேடிப் போவேன் என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எனக்கு இந்த மனிதரைப் பிடித்துப்போனதே இதனால்தான்.

செல் தன் உறுப்புகளைத் தானே விழுங்கிச் செரிக்கிறது என்பது முன்பே தெரியும். செல்லின் செரிமானப் பையான லைசோசோமைக் கண்டறிந்த கிறிஸ்டியன் டி டூவ் 1963-இல் அதற்கு ஆட்டோஃபேஜி என்று பெயரும் வைத்துவிட்டார். ஆனால் முப்பது ஆண்டுகளாக விஷயம் அங்கேயே நின்றது. எந்த மரபணுக்கள் அதை நடத்துகின்றன என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆண்டுக்கு மிகச் சில கட்டுரைகளே வந்தன.

ஓசுமி யோசித்த விதம் மிக எளிமையானது. ஈஸ்ட்டின் வாக்குவோல் எதையாவது விழுங்கினாலும், அதில் உள்ள நொதிகள் உடனே செரித்துவிடும். நம் கண்ணில் எதுவும் படாது. அப்படியானால், செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் வகையை எடுப்போம், நைட்ரஜன் இல்லாமல் பட்டினி போடுவோம். உள்ளே போகும் சரக்கு செரிக்காமல் குவியத்தானே வேண்டும்? குவிந்தது. பட்டினி போட்ட சில மணி நேரத்துக்குள் வாக்குவோல் முழுவதும் உருண்டையான துகள்கள் நிறைந்து துடித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தது சாதாரண ஒளி நுண்ணோக்கியில்! இது 1992-இல் ஜர்னல் ஆஃப் செல் பயாலஜியில் வந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் படிக்க வேண்டிய கட்டுரை எது என்று நீங்கள் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

என் மாணவர்களுக்கு இதைக் காட்ட முடிந்த அளவு காட்டுகிறேன். ஊட்டி பேக்கரிகளில் வாங்கிய ஈஸ்ட்டைச் சர்க்கரை நீரில் கரைத்து, எண்ணெய் விட்டுப் பார்க்கும் 100 மடங்கு லென்ஸின் கீழ் வைத்தால், செல்லுக்குள் தெளிந்த வட்டமாக வாக்குவோல் தெரியும். துடிக்கும் துகள்கள் தெரியாது. ஏன் தெரியவில்லை என்று கேட்பேன். பேக்கரி ஈஸ்ட்டில் செரிக்கும் நொதிகள் எல்லாம் இருக்கின்றன என்ற பதில் வகுப்பில் யாராவது ஒருவரிடமிருந்து வந்துவிடும். ஓசுமியின் கெட்டிக்காரத்தனம் கருவியில் இல்லை, எந்த ஈஸ்ட்டை எடுத்தார் என்பதில் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குப் புரியும் நேரம் எனக்கு மிகவும் பிடித்தமானது. கூடலூரிலிருந்தும் ஹட்டிகள் எனப்படும் படுகர் ஊர்களிலிருந்தும் வரும் பிள்ளைகள், விலை உயர்ந்த கருவி இருந்தால்தான் ஆய்வு என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இந்தக் கட்டுரை அந்தப் பயத்தைப் போக்குகிறது.

அடுத்த கட்டுரை 1993-இல். செல்களில் கண்டபடி மரபணு மாற்றங்களை உண்டாக்கி, அவற்றில் துகள்கள் குவியாத செல்களைத் தேடினார்கள். அப்படிப்பட்ட செல் பட்டினியில் சீக்கிரம் இறந்துவிடும் என்பது தெரிந்ததும், அதையே தேடும் வழியாக வைத்துக்கொண்டார்கள். ஆட்டோஃபேஜிக்குத் தேவையான 15 மரபணுக்கள் சிக்கின. எழுதியவர்கள் இரண்டே பேர்: மிக்கி சுகடா, ஓசுமி. ஆறே பக்கங்கள். வெளியானது ஃபெப்ஸ் லெட்டர்ஸ் இதழில். நல்ல இதழ்தான், ஆனால் பெரிய இம்பேக்ட் ஃபேக்டர் உள்ளதாகச் சொல்லிக்கொள்ளும் இதழ் இல்லை. ஓர் இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெற்றன என்பதே இம்பேக்ட் ஃபேக்டர். இதழின் சராசரியைக் கொண்டு கட்டுரையை மதிப்பிடும் குழு ஒன்று இருந்திருந்தால், இந்த ஆறு பக்கங்களைப் புரட்டாமலே தாண்டிப் போயிருக்கும்.

அதற்குப் பின் நடந்ததைப் பாருங்கள். 1998-இல் அதே ஆய்வகத்தின் நொபோரு மிசுஷிமா, இந்த மரபணுக்கள் உருவாக்கும் புரதங்கள் ஒன்றோடொன்று எப்படி இணைகின்றன என்று நேச்சர் இதழில் எழுதினார். 2000-இல் தமோட்சு யோஷிமோரி குழுவினர், பாலூட்டிகளின் செல்லில் ஆட்டோஃபேஜியை அடையாளம் காட்டும் எல்.சி.3 என்ற புரதத்தைக் காட்டினார்கள். இன்று இந்தத் துறையில் அது இல்லாமல் வேலை நடக்காது. 2004-இல், ஆட்டோஃபேஜி நடக்காத எலிக்குட்டிகள் பிறந்து ஒரு நாளுக்குள் இறந்துவிடுகின்றன என்று தெரிந்தது. தொப்புள்கொடி அறுந்து, உணவு வரத்து நின்றுபோகும் அந்தச் சிறு இடைவெளியைத் தாண்ட, தன்னையே செரிக்கும் இந்த வேலை தேவைப்படுகிறது. பிறகு பார்க்கின்சன் நோய், செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதாவது என்று பாதை விரிந்தது. இன்று ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வருகின்றன. 2016-இல் மருத்துவ நோபல் பரிசு ஓசுமிக்கு மட்டும், பங்கு இல்லாமல் கிடைத்தது. மிசுஷிமாவும் யோஷிமோரியும் தனித்தனி ஆய்வகங்களை நடத்தும் பெரிய ஆய்வாளர்கள் ஆகிவிட்டார்கள். ஒருவருடைய ஆய்வகத்திலிருந்து வெளியே வந்தவர்களும் அவருடைய தாக்கத்தில் சேர்த்தி என்பது என் கருத்து.

மேற்கோளே காட்டாத தாக்கமும் உண்டு. அதற்கு நம் மலையிலேயே சாட்சி இருக்கிறது. குன்னூரில் சிம்ஸ் பூங்காவை ஒட்டி 1907 முதல் இயங்கும், தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டர் நிறுவனத்தை நீங்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அந்த மருந்து செம்மறியாட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்டது. மூளைத் திசு கலந்திருந்ததால், சிலருக்கு உடலின் எதிர்ப்பாற்றல் தன் நரம்புகளையே தாக்கி வாதம் வரும் ஆபத்து இருந்தது. பின்னர் குன்னூரிலும் வெரோ செல்களில் வைரஸை வளர்த்துத் தயாரிக்கும் தடுப்பூசி வந்தது. அந்தச் செல்கள் 1962 மார்ச்சில் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கு ஒன்றின் சிறுநீரகத்திலிருந்து வளர்க்கப்பட்டவை. வளர்த்தவர்கள் யசுமுராவும் கவகிடாவும். அவர்கள் ஆராய்ந்தது எஸ்.வி.40 என்ற வேறொரு வைரஸை. கட்டுரை 1963-இல் ஜப்பானிய மொழியில், ஒரு ஜப்பானிய மருத்துவ இதழில் வந்தது. கையில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகும் தோட்டத் தொழிலாளியின் நலத்தை எந்த எச்-இன்டெக்ஸில் சேர்ப்பது?

எண்களை இப்படிப் பயன்படுத்துவது தவறு என்று உரக்கச் சொன்னவர்களும் செல் உயிரியலாளர்களே. 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் அமெரிக்கச் செல் உயிரியல் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தொடங்கியதுதான் டோரா என்ற பிரகடனம். இதழின் இம்பேக்ட் ஃபேக்டரை வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்பதே அதன் முக்கியமான கோரிக்கை.

இனி உங்கள் பெங்களூர் ஆய்வாளரைப் பற்றி. கட்டுரையில் பெயர்களின் வரிசையைப் பாருங்கள். நம் துறையில் வழக்கமாக முதல் பெயர் வேலை செய்த மாணவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. அவர் பெயர் கடைசியில் வரும் கட்டுரைகளை மட்டும் தனியாக எடுங்கள். நூறு என்பது பெரும்பாலும் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதுதான் அவர் சொந்தமாக நடத்திய ஆய்வு. அவற்றின் முதல் பெயர்களைக் குறித்துக்கொண்டு, அந்த மாணவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று தேடுங்கள். முடிந்தால் ஒருவருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலோர் பதில் எழுதுவார்கள்.

படங்களையும் உற்றுப் பாருங்கள். செல் உயிரியலில் படமே சான்று. எலிசபெத் பிக் என்பவர் இரண்டு சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து 20,621 கட்டுரைகளின் படங்களை ஆராய்ந்து 2016-இல் எழுதினார், சுமார் 3.8 விழுக்காட்டில் ஒரே படம் இரண்டு இடங்களில் வருவது போன்ற சிக்கல்கள் இருந்தன. சில கவனக்குறைவு, சில வேண்டுமென்றே செய்தவை. வெளியான கட்டுரைகளைப் பற்றிக் கேள்வி எழுப்பும் பப்பியர் என்ற தளத்தில் உங்கள் பெங்களூர் ஆய்வாளரின் பெயரைத் தேடுங்கள். யாராவது கேள்வி எழுப்பியிருந்தால், அவர் மூலப் படங்களைத் தந்து விளக்கினாரா என்று பாருங்கள். விளக்கியிருந்தால் எனக்கு அவர் மேல் மதிப்புக் கூடும்.

நேர்காணலுக்குப் போகும்போது நீங்கள் படித்த கட்டுரையை அச்செடுத்துக் கொண்டுபோய், "இதில் விடை கிடைக்காமல் விட்டுப்போனது எது, இப்போது அதை யார் செய்கிறார்கள்?" என்று அவரிடமே கேளுங்கள். நேராகப் பதில் சொன்னால் சேருங்கள், எச்-இன்டெக்ஸ் 42 ஆக இருந்தாலும் 12 ஆக இருந்தாலும். மழை பிடித்துவிட்டால் கோத்தகிரியில் இணையம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கட்டுரைகளை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். படித்துப் புரியாத இடம் இருந்தால் இந்தப் பதிலின் கீழே கேளுங்கள், சேர்ந்து படிக்கலாம்.