கெட்ட கையை அடுத்த கைக்குக் கொண்டுபோகாமல் இருப்பது எப்படி?

மதுரை கிளப்பில் நன்றாக ஆடுபவர் பிரிட்ஜ் சீட்டாட்டப் போட்டிகளில் தடுமாறுவதாகவும், விளையாட்டு உளவியல் உதவுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நிச்சயம் உதவும். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் இணை இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த ஆட்டமல்லவா இது!

முடிந்துபோன கைதான், அதாவது ஆடி முடித்த சுற்றுதான், பெரிய எதிரி. கோட்டைவிட்ட துருப்பையே மனம் அசைபோட்டால், இப்போது விழும் சீட்டுகளை எண்ண அதில் இடமிருக்காது. மதிப்பெண்ணைக் குறித்ததும் சீட்டுகளைப் போர்டில் (ஒவ்வொரு கைக்கும் உரிய சீட்டுகளை வைக்கும் தட்டில்) செருகுங்கள், மூச்சை நிதானமாக வெளியே விடுங்கள், பிறகே அடுத்த போர்டைத் தொடுங்கள். ஒவ்வொரு முறையும் இதே வரிசை. டம்மி (மேசையில் திறந்து வைக்கப்படும் கூட்டாளியின் சீட்டுகள்) விரிந்ததும் அவசரப்படாமல் முழுத் திட்டத்தையும் யோசியுங்கள்.

கூட்டாளியின் பிழையை மேசையில் பேசவே கூடாது. இதில் நான் கண்டிப்பானவன். திட்டு வாங்கியவர் அடுத்த ஏலத்தில் பயந்து குறைத்துக் கேட்பார். சென்னைப் போட்டி என்றால், பாண்டியன் எக்ஸ்பிரஸில் திரும்பும்போது பேசிக்கொள்ளலாம்.