"வருதாம்" என்று எழுதிய தங்கச்சிக்கு

கடிதத்தின் சுருக்கம்: "என் மகனுக்கு 23 வயது. டிப்ளமோ முடித்துவிட்டு மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். சாயங்காலம் ஆனால் நாலு பையன்களோடு ரப்பர் ஷீட் காயப்போடுகிற ஒரு பழைய புரையில் (கொட்டகையில்) மெட்டல் பாட்டு என்று கிடந்து அலறுகிறான். மலையை உடைத்து டாரஸ் லாரியில் கொண்டுபோவது, மணவாளக்குறிச்சி மணல், அரசாங்கம், போலீஸ் என்று எல்லாரையும் திட்டித்தான் பாட்டு. ஜெபக் கூட்டத்தில் இது சாத்தான் பாட்டு என்கிறார்கள். அவனுக்கு கல்ஃப் விசா பார்க்கிறோம், மகளுக்குச் சம்பந்தம் பேசுகிறோம். ஒக்கி புயலில் போன என் தம்பி பேரும் ஒரு பாட்டில் வருதாம். நானும் அன்றைக்குக் குழித்துறை ஸ்டேஷனில் தண்டவாளத்தில் உட்கார்ந்தவள்தான். அரசியல் எல்லாம் அதோடு போதும் என்று இருக்கிறேன். இதை எப்படி நிறுத்துவது?"
பெயர் வேண்டாம், தூத்தூர் பக்கம்.

தங்கச்சி,

உங்கள் கடிதம் மொத்தம் மூன்று பக்கம். சாத்தானுக்கு ஒரு பக்கம், விசாவுக்கு ஒரு பக்கம், மகள் கல்யாணத்துக்கு முக்கால் பக்கம். உங்கள் தம்பிக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியும் "வருதாம்" என்று முடிகிறது.

"வருது" என்று நீங்கள் எழுதவில்லை. "வருதாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். யாரோ கேட்டுவிட்டு வந்து உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். கூடப்பிறந்தவனின் பேரை, உங்கள் வயிற்றில் பிறந்தவன் ஒரு பாட்டில் வைத்திருக்கிறான், அதை ஊரார் கேட்டுவிட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரி கேட்டுவிட்டாள், நீங்கள் இன்னும் கேட்கவில்லை. என்ன வரி எழுதினாய் மக்களே என்று அவனிடம் வாய் திறந்து கேட்கவும் இல்லை. ஆனால் நிறுத்த வழி கேட்டு முன்பின் தெரியாத எனக்கு மூன்று பக்கம் எழுத முடிந்திருக்கிறது.

விசா போகுமா, சம்பந்தம் தட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்றும் ஆகாது என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருந்தால், சொல்ல மாட்டேன். தட்டினாலும் தட்டலாம். ஆனால் கடலில் போன தாய்மாமனை நினைத்து ஒரு பையன் பாடினான் என்பதற்காகப் பெண் வேண்டாம் என்று எழுந்து போகிற வீட்டில் உங்கள் மகள் எந்தத் துக்கத்தைச் சொல்லி அழ முடியும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

சாத்தான் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மெட்டல் என்கிற இந்த உரத்த கிதார் இசையைத் தொடங்கிவைத்தவர்கள் இங்கிலாந்தில் பர்மிங்காம் என்ற தொழிற்சாலை ஊரின் ஏழைப் பையன்கள். பிளாக் சப்பாத் என்று பேர் வைத்துக்கொண்டார்கள். அதில் கிதார் வாசித்தவர் 17 வயதில் தகரப் பட்டறை மெஷினில் இரண்டு விரல் நுனியை இழந்தவர், அந்த விரல்களுக்கு உறை மாட்டிக்கொண்டு வாசித்தார். 1970-ல் அவர்கள் பாடிய ஒரு பாட்டில் சாத்தான் வருகிறான்தான். எங்கே வருகிறான் தெரியுமா? ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் போருக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் ஒளிந்துகொண்ட தளபதிகள் தீர்ப்பு நாளில் மண்டியிட்டு இரக்கம் கேட்கிற இடத்தில். ஜெபக் கூட்டத்தில் பேசினவர் அந்தப் பாட்டின் அர்த்தத்தைப் படித்திருந்தால் அப்படிப் பேசியிருக்க மாட்டார்.

அதற்குப் பிறகு வந்தவர்களும் இப்படித்தான். பிரேசிலில் சாவோ பாவ்லோ நகரத்துச் சிறை ஒன்றில் 1992-ல் போலீஸ் புகுந்து 111 கைதிகள் செத்துப்போனார்கள். செபுல்துரா என்ற அந்த நாட்டு மெட்டல் குழு அடுத்த வருடமே அதைப் பாட்டாக்கியது. கைதிகளுக்காக யார் அழுவார்கள்? இவர்கள் அழுதார்கள், அதுவும் தொண்டை கிழிய.

இன்னொரு குழுவைப் பற்றி நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். சிஸ்டம் ஆஃப் எ டவுன் என்று பேர். அமெரிக்காவில் வளர்ந்த ஆர்மீனியப் பிள்ளைகள். 1915-ல் துருக்கியில் அந்த இனத்து மக்கள் லட்சக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அந்தக் குழுவின் பாடகருடைய தாத்தா அதில் உயிர் தப்பியவர். பேரன் 1998-ல் வந்த முதல் ஆல்பத்திலேயே அதைக் கத்திப் பாடினான், பிறகும் விடாமல் பேசிக்கொண்டே இருந்தான். அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் அதை இனப்படுகொலை என்று தீர்மானம் போட்டது 2019-ல்தான். நூறு வருடத்துக்கு மேல். அவ்வளவு காலம் அந்தச் சாவுகளை உயிரோடு வைத்திருந்தது வீடுகள்தான், தங்கச்சி. ஒரு வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள், பிள்ளைகள் கேட்டார்கள், அந்தப் பிள்ளைகள் அடுத்ததாகச் சொன்னார்கள்.

உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

2017 நவம்பர் 30 அன்று காற்று அடித்தபோது உங்கள் ஊர்ப் படகுகள் எவ்வளவு தூரத்தில் இருந்தன, கரையிலிருந்து வயர்லெஸ் ஏன் எட்டவில்லை, அரசாங்கம் சொன்ன கணக்கும் கோயில் பங்குகளில் ஆள் ஆளாகப் பேர் எழுதி எடுத்த கணக்கும் ஏன் ஒத்துப்போகவில்லை, இதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். டிசம்பர் 7-ம் தேதி ஆயிரக்கணக்கான பேர் நடந்து போய்க் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அதில் நீங்களும் ஒருத்தி. "எங்கள் ஆட்களைத் தேடுங்கள்" என்றுதானே கத்தினீர்கள்? அன்றைக்கு உங்கள் குரல் இனிமையாகவா இருந்திருக்கும்? உங்கள் மகனுக்கு அப்போது பதினைந்து பதினாறு வயது. அம்மா தண்டவாளத்தில் உட்கார்ந்து தொண்டை கட்டி வீட்டுக்கு வந்ததை அவன் பார்த்திருப்பான். அதற்கப்புறம் அம்மா அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை என்பதையும் பார்த்திருப்பான். அன்றைக்கு நீங்கள் பாதியில் விட்டதைத்தான் அவன் எடுத்திருக்கிறான் என்று எனக்குப் படுகிறது. அதை அரசியல் என்று சொல்லி ஒதுக்க உங்களுக்கு உரிமை இல்லை. வேறு யாருக்காவது இருக்கலாம், உங்களுக்கு இல்லை.

ஞாயிறு பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்கிறீர்கள் இல்லையா? "போஞ்சு பிலாத்தின் அதிகாரத்தில் பாடுபட்டு" என்று வருகிறதே. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஓர் அதிகாரியின் பேர். அநியாயமாகச் செத்தவர் யாருடைய அதிகாரத்தில் செத்தார் என்பதைத் திருச்சபை மறக்க விடவில்லை, பேர் சொல்லித்தான் ஜெபிக்கிறது. நம் மாவட்டத்தின் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். வஞ்சகமாகக் கொல்லப்பட்டவர்களின் கதைதான் அதில் எத்தனை! யார் கொன்றார்கள், எப்படிக் கொன்றார்கள் என்று பேரும் ஊருமாகப் பாடி, கேட்கிறவர்களுக்கு அருள் வருகிற வரைக்கும் வில்லை அடிப்பார்கள். ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் அதே வில்லில் காந்தி கதை பாடினார். செத்தவர்களுக்காகச் சத்தமாகப் பாடுவது இந்த மண்ணுக்குப் புதுசே கிடையாது. உங்கள் மகன் வில்லுக்குப் பதிலாகக் கரண்டில் ஓடுகிற கிதாரை எடுத்திருக்கிறான், அவ்வளவுதான்.

மலைப் பாட்டையும் மணல் பாட்டையும் பற்றி நான் அதிகம் சொல்லப் போவதில்லை. நம் மலைகள் கல்லாகி டாரஸில் ஏறிப் போவதைப் பார்த்துக்கொண்டு ஒரு 23 வயதுப் பையன் பேசாமல் இருந்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கும்.

இப்போது உங்கள் மகனைத் திட்ட வேண்டிய இடத்துக்கு வருகிறேன். இதை அவனிடம் வாசித்தே காட்டுங்கள்.

தம்பி, உன் மாமனின் பேர் உனக்கு மட்டும் சொந்தமில்லை. அந்தப் பேருக்கு ஒரு மனைவி இருக்கிறாள், உன் மாமி. அப்பா முகம் சரியாக நினைவில்லாமல் வளர்கிற ஒரு மகளும் இருக்கிறாள் என்று உன் அம்மா எழுதியிருக்கிறாள். அவர்களிடம் கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். கேட்டிருந்தால் உன் அம்மாவுக்கு ஊரார் வாயால் இது தெரிந்திருக்காது. ஊருக்காகப் பாடுகிறேன் என்று நினைக்கிறவன் முதலில் வீட்டில் கேட்க வேண்டும், இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு வீட்டின் துக்கத்தை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போகிறவனுக்கு அந்த வீட்டுப் படி ஏறுகிற தைரியம் இருக்க வேண்டும். மாமி வேண்டாம் என்று சொன்னால் பேரை எடுத்துவிடு, பாட்டு பேர் இல்லாமலும் நிற்கும். அப்புறம், தேதியும் விவரமும் ஒன்றுகூடத் தப்பாக இருக்கக் கூடாது. ஆளை வைத்து எழுதினால் செய்ததை மட்டும் எழுது, செய்யாததைச் சேர்க்காதே. நீ ஒரு இடத்தில் தப்பினால், மொத்தமும் பொய் என்று சொல்ல ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

தங்கச்சி, மறுபடி உங்களுக்கு. அந்தப் பாட்டைக் கேட்டால் உங்களுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாது. அடித்தொண்டையில் உறுமுகிற பாட்டில் பழகின காதுக்குத்தான் வார்த்தை பிடிபடும். அதனால் புரைக்குப் போய் வாசலில் நின்று காதைப் பொத்திக்கொண்டு திரும்பி வர வேண்டாம். வரிகளை ஒரு நோட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். இங்கிலீஷ் என்றால் தமிழில் அர்த்தம் எழுதச் சொல்லுங்கள். அவன் எதிரில் உட்கார்ந்து, அடுப்படி வேலையை எல்லாம் விட்டுவிட்டு, சத்தமாக வாசியுங்கள். அழுகை வரும். வரட்டும், அவன் பார்க்கட்டும். தப்பு இருந்தால் சொல்லுங்கள், மாமன் அப்படிப் பேச மாட்டான், இப்படித்தான் பேசுவான் என்று திருத்துங்கள். உங்கள் தம்பியைப் பிறந்ததிலிருந்து தெரிந்தவர் நீங்கள். மாமனைப் பற்றி உங்கள் மகனுக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கும், அதையெல்லாம் நீங்கள் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

தம்பியின் உடல் கிடைக்கவில்லை, கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் மெழுகுவர்த்தி எடுத்துக்கொண்டு போகும்போது எங்களுக்குப் போக இடமில்லை என்று கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் எழுதி, அடித்துவிட்டிருக்கிறீர்கள். அடித்தாலும் எழுத்து தெரிந்தது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் வருகிற நவம்பர் 2-க்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும், மகனைக் கூட்டிக்கொண்டு தம்பி மனைவி வீட்டுக்குப் போங்கள். அவள் சமைக்க விடாமல் மீன் குழம்பும் கிழங்கும் நீங்களே கொண்டுபோங்கள். சாப்பிட்டு முடிந்த பிறகு அவன் கேட்கட்டும். கிதார் வேண்டாம், நோட்டு போதும்.